தஹ்ஷூரில் சொல்லிக்கொள்ளலாம்

சுஹைர் காரின் முன்கதவுப் பக்கமே வரவில்லை. பின்கதவைத் திறந்து, அந்த ஸ்பெயின்காரம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வஹ்பி கண்ணாடியில் பார்த்தான். வழிகாட்டி டிரைவர் பக்கத்தில் உட்காருவதுதான் தொழில் வழக்கம். போன சனிக்கிழமைப் பயணத்தில்கூட அவள் முன்சீட்டில்தான் இருந்தாள். வீம்பு கூடிவிட்டது போல என்று நினைத்தபடி வண்டியை எடுத்தான்.

வந்திருந்த பயணி ஒரே ஒருத்தி. இனெஸ் என்று பெயர், ஓய்வுபெற்ற ஆசிரியை. கிஸா, சக்காரா, தஹ்ஷூர் என்று மூன்று இடத்துப் பிரமிடுகளையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டுமாம். இருபது வருஷமாக சுஹைர் ஸ்பானிஷில் பிரமிடு கதை சொல்ல, வஹ்பி வண்டி ஓட்டுகிறான். கேட்டுக் கேட்டே அவனுக்கும் அந்தப் பாஷை ஒட்டிக்கொண்டது. இருவரும் கணவன் மனைவி என்று பயணிகளிடம் சொல்வதில்லை. இப்போது சொல்லவும் வழியில்லை.

ஜூலை பதினொன்றாம் தேதி, ஃபுட்பால் மேட்ச் நடுவே அவள் டிவியை அணைத்தாள். அவன் தலாக் சொல்லிவிட்டான். அவ்வளவுதான் விஷயம்.

"அவங்க வயசுக்கு இத்தா, காத்திருக்க வேண்டிய கெடு, மூணு மாசம்" என்றார் தலாக்கைப் பதிவு செய்த காஜி. "அதுக்குள்ள ‘உன்னைத் திருப்பிக்கிட்டேன்’னு ஒரு வார்த்தை சொன்னா போதும், பழையபடி உன் பெண்டாட்டி. நாள் தாண்டினா நீ யாரோ, அவங்க யாரோ."

அவள் வீட்டிலேயே இருந்தாள். அவன் மேல்மாடிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனான். தினமும் அவள் இருக்கும் தளத்தைத் தாண்டித்தான் இறங்குவான். சொல்லிவிடலாம் என்று நினைப்பான், நாக்கு எழாது. கோபம் எப்போதோ போய்விட்டது, அழுகையும் வரவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பது போலத்தான் நாட்கள் போயின.

இன்று அக்டோபர் பதினொன்று, புதன்கிழமை. காலையில் அண்ணன் ஷௌகி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். "இன்னைக்குத்தான்டா கடைசி. பொழுது சாஞ்சு மக்ரிப் பாங்கு சொல்றதுக்குள்ள வாயைத் திற. இல்லேன்னா ஆயுசுக்கும் என் வீட்டு சோபாதான் உனக்கு."

கிஸாவில் ஒட்டகக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சக்காராவில் இனெஸ் நிழல் மாதிரி சுஹைரை ஒட்டிக்கொண்டே நடந்தாள். தஹ்ஷூரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வஹ்பி தள்ளிப்போட்டான். தள்ளிப்போடுவதில் அவனுக்கு நல்ல பழக்கம்.

வழியில் இனெஸ் கேட்டாள். "அடுத்த தடவை ரமலான் சமயத்துல வரணும்னு ஆசை. எந்த மாசம் வரும்?"

"அது ஒரு இடத்துல நிக்காதும்மா" என்றான் வஹ்பி. "வருஷா வருஷம் பத்து நாள் முன்னாடியே ஓடி வந்துடும். அசந்தீங்கன்னா பெருநாள் பலகாரமும் தீர்ந்துபோன பிறகுதான் வந்து இறங்குவீங்க."

இனெஸ் சிரித்தாள். சுஹைர் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக அவனையே பார்த்தாள்; ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டாள். அவளும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று வஹ்பிக்குப் பட்டது.

தஹ்ஷூரில், பாதிக்கு மேல் சரிவு மாறி மடங்கிப்போன பிரமிடின் முன்னால் சுஹைர் நின்றாள். ஆயிரம் தடவை சொன்னதை அதே குரலில் சொன்னாள். "பாதி கட்டின பிறகுதான் சரிவு தப்புன்னு தெரிஞ்சுது. மீதியைச் சாய்ச்சுக் கட்டி முடிச்சாங்க."

"இடிச்சுட்டுத் திரும்பக் கட்டலையா?"

"இல்ல. அது அது பாட்டுக்கு நிக்கட்டும்னு விட்டுட்டு, ராஜா அந்தப் பக்கம் வேற ஒண்ணு கட்டிக்கிட்டார். அங்கதான் அடுத்து போறோம்."

அந்த வேறொன்றின் உள்ளே வழிகாட்டிகள் போகக்கூடாது. இனெஸ் தனியாகப் படியேறி, குனிந்து சுரங்க வழிக்குள் இறங்கினாள். கீழே காரருகில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். மக்ரிபுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"சுஹைர்."

"சொல்லுங்க."

"டிவியை அணைச்சதுக்கெல்லாம் ஒருத்தன் அப்படிப் பேசுவானா? புத்தி கெட்டுப்போச்சு எனக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டான். "உன்னைத் திருப்பிக்கிட்டேன்."

சொல்லிவிட்டான். மூன்று மாதமாகக் கட்டையாகக் கிடந்த நெஞ்சு முதல்முறையாக வலித்தது. வலிப்பதுகூட நன்றாக இருந்தது.

சுஹைர் அசையவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"இப்பதான் சொல்லணும்னு தோணுச்சா?"

"இன்னைக்குத்தானே கடைசி? ஜூலை பதினொண்ணு, அக்டோபர் பதினொண்ணு. மூணு மாசம் சரியா வருதே."

"இத்தாவுக்கு ஏதுங்க ஜூலையும் அக்டோபரும்? பிறைக் கணக்குதான். ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுபோச்சு."

வஹ்பி பிறை மாதங்களை விரல்விட்டு எண்ணினான்; மூன்று நாள் குறைந்தது. அவள் முகத்தில் கோபமில்லை, குத்தலும் இல்லை. பயணிகளிடம் பேசும் அதே குரலில்தான் சொன்னாள்.

"அன்னைக்கு மக்ரிப் வரைக்கும் கதவைத் திறந்தேதான் வச்சிருந்தேன்."