ஒட்டி முடித்த தளம்

பைப் கையோடு வந்துவிட்டது.

அவள் இழுக்கக்கூட இல்லை. கம்பிக்கட்டின் மேல் கால் வைக்க இடம் பார்த்து, குறுக்கே கிடந்ததை லேசாக நகர்த்தினாள். அவ்வளவுதான்.

நுனியைப் பார்த்தாள். ஒட்டுகிற சொல்யூஷன் பட்ட சுவடே இல்லை. ஒட்டிய பைப் என்றால் ஓரத்தில் ஒரு பளபளப்பு இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் நெடி அடிக்கும். இது கடையிலிருந்து வந்தபடியே சுத்தமாக இருந்தது.



அடுத்ததை இழுத்தாள். வந்தது.

சுவரோரம் வளைந்து இறங்கும் துண்டை இழுத்தாள். அதுவும் வந்தது.

கீழே மிக்சர் மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது. ஆட்கள் சட்டியோடு வரிசை கட்டி நின்றார்கள். இன்னும் சற்று நேரத்தில் இந்தத் தளம் முழுவதும் கான்கிரீட் விழும். ஒட்டாத இணைப்பு ஒவ்வொன்றிலும் சிமெண்ட் பால் இறங்கி, உள்ளேயே கல்லாகிவிடும். அப்புறம் எந்த மகராசன் வந்தாலும் அதற்குள் ஒயர் போகாது. கூரையைக் கொத்த வேண்டியதுதான்.

இப்படி ஒரு வேலையை அவர் செய்வாரா?

பட்டமுத்து அவள் புருஷன். இந்த வீட்டுக்கு எலக்ட்ரீசியன். கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்குக் கையாளாக நிற்பதும் அவள்தான்.

அவருடைய முறையே தனி. மற்றவர்கள் ஒட்டிக்கொண்டே போவார்கள். அவர் முதலில் தளம் முழுவதும் வெறுமனே சொருகிப் பார்ப்பார். அளவு சரியென்று மனசுக்குப் பட்ட பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, சொல்யூஷன் தடவி, உள்ளே தள்ளி, ஒரு திருகு திருகி, அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் அவசரப்பட்டுக் கையை எடுத்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்கப் பாட்டுத்தான்.

நேற்று மதியம் அவர் சொருகிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் துஷ்டி கேட்க ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து கேட்டதற்கு, எல்லாம் ஒட்டியாச்சு என்றார்.

அவர் வேலையைப் போய் யார் சோதித்துப் பார்ப்பது?

சாமான் பைக்குள் கையை விட்டுச் சொல்யூஷன் டப்பாவை எடுத்தாள். இந்தத் தளத்துக்கென்று வாங்கியது. மூடியைச் சுற்றிக் கடையில் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

அவர் தூண் கம்பியோரம் குத்தவைத்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து இதையெல்லாம் ஒட்டினீங்களா?"

"ஒட்டியாச்சுன்னு சொன்னேம்லா."

பைப்பை நீட்டினாள். டப்பாவையும் நீட்டினாள்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. எவன் பிடுங்கிப் போட்டான் என்று எழுந்தார். டேப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

தன் விரல்களை முகர்ந்து பார்த்தார்.

"நான் ஒட்டுனேன்டி."



பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். இது பொய்யாக இருந்துவிடக்கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

ஏத்தலாமா என்று கீழேயிருந்து கொத்தனார் சத்தம் போட்டார்.

வெளியே தெரிந்தால் இனி இவரை எவன் கூப்பிடுவான்? வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பட்டமுத்துவை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. பைப்ப நான்தான் மாத்திப் போட்டுட்டேன். கழட்டி ஒட்டணும்."

பொம்பளைகளை வேலைக்குக் கூட்டி வருவதைப் பற்றிக் கொத்தனார் உரக்க ஏதோ சொன்னார். ஆட்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

டேப்பைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். அவர் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

கை எதையும் மறந்திருக்கவில்லை. துடைத்தார். தடவினார். தள்ளித் திருகிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு இடத்தில் கையைச் சீக்கிரம் எடுத்தபோது வழக்கம்போல் ஒரு அதட்டல்கூடப் போட்டார். அந்த அதட்டல் அவளுக்குத் தேனாக இனித்தது. நேற்று வெயில் அதிகம், மனுஷன் களைத்துப் போயிருப்பார், வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இருந்தாலும் அவர் பார்க்காத நேரம் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

பொறுமை போய்க் கொத்தனார் ஏறி வந்தார்.

"என்ன பட்டமுத்து, வீட்டம்மா நம்ம பொழப்பக் கெடுத்துட்டாகளே!"

பட்டமுத்து அவளைப் பார்த்துச் சிரித்தார். பிரியமாகத்தான் சிரித்தார்.

"நான் நேத்தே எல்லாத்தையும் ஒட்டி முடிச்சிட்டேன், அண்ணாச்சி. இவதான் மாத்திட்டா. இப்பல்லாம் இவளுக்குக் கொஞ்சம் மறதி. நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க."

பரவாயில்லையே, நம் நாடகத்தில் இவரும் சேர்ந்துகொண்டாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொத்தனார் அந்தப் பக்கம் திரும்பியதும் கண்ணைச் சிமிட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொத்தனார் திரும்பினார். கீழே பார்த்துக் கையை ஆட்டினார். முதல் சட்டி ஏறி வந்தது.

அவர் சிமிட்டவில்லை.

சற்று முன் டேப்பைப் பார்த்து நின்றதன் சுவடுகூட அந்த முகத்தில் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பக்கத்தில் வந்து, அவள் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"கவலப்படாதட்டி," என்றார். "நாந்தான் இருக்கேம்லா."