குளிப்பாட்டும் பாடம்

“ஏட்டி மங்களம், பிள்ளையை முழுங்குத மாதிரி பாக்காதெ. இன்னிக்கு மெட்ராஸ்லேருந்து அதிகாரி வாராராம். கண்டுபிடிச்சிருவாவ” என்று வள்ளித்தாய் காதோடு காதாகச் சொன்னாள்.

மங்களேஸ்வரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு மாதத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம். நேற்றைக்கு இல்லாத ஒரு பல் இன்றைக்குத் தெரிந்தது. அதை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையோரப் பழைய பங்களாவில் பால்வாடி ஆசிரியைகளுக்கு நான்கு மாதப் பயிற்சி. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். ‘கைக்குழந்தை உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்’ என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள். புளியறைப் பாதையில் லாரி கவிழ்ந்து கணவன் இறந்தபோது மங்களேஸ்வரிக்கு ஏழாம் மாதம். சொந்த ஊரான குத்துக்கல்வலசைக்குப் பால்வாடி வரப்போகிறது, பயிற்சி முடித்தவளுக்குத்தான் அந்த வேலை என்று கேள்விப்பட்டதும், விண்ணப்பத்தில் ‘குழந்தை இல்லை’ என்று எழுதிவிட்டாள். பிள்ளை உலகுவை அண்ணன் மனைவி வள்ளித்தாயிடம் விட்டுவிட்டு வந்தாள்.

முதல் வாரம் நரகமாகப் போனது. விடியற்காலையில் மாரில் கட்டிய பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்பில் உட்காருவாள். தலைமை ஆசிரியை அகிலாண்டம் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருப்பார். டெல்லியிலிருந்து புதிதாக வந்த பாடத்திட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

“பிள்ளைகளா, நல்லா கேட்டுக்கோங்க. பால்வாடியில புளியங்கொட்டை அடுக்கினாத்தான் ஒண்ணாம் வகுப்புல கணக்கு வரும். மண்ணுல கோடு கிழிச்சாத்தான் அங்கன எழுத்து வரும். ரெண்டையும் இணைச்சுப் பாக்கத் தெரியாதவ பிள்ளைக்குக் காவல் இருக்கலாம், டீச்சரா இருக்க முடியாது.”

எட்டாம் நாள் அவர் கேட்டார்: “நாளைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டுத பாடம். பொம்மையை வச்சுப் படிச்சா வராது. யாராவது நம்பிப் பிள்ளை தருவாங்களா?”

யோசிப்பதற்குள் மங்களேஸ்வரியின் வாய் முந்திக்கொண்டது. “எங்க ஊர்ல ஒரு அக்கா இருக்காவ டீச்சர்.”

மறுநாள் காலை பஸ்ஸில் வள்ளித்தாய் உலகுவோடு வந்து இறங்கினாள். அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு அந்தப் பாடம்தான். மற்றவர்கள் முறைவைத்துச் செய்து சீக்கிரமே தேறிவிட்டார்கள். மங்களேஸ்வரிதான் தேறவில்லை.

“முழங்கையை விட்டுச் சூடு பாத்தியா?”

“பாத்தேன் டீச்சர்.”

“சரியாப் பாக்கல. காதுக்குள்ள தண்ணி போவுது பாரு. இப்படிக் குளிப்பாட்டினா எந்தத் தாய் உன்னை நம்பிப் பிள்ளையை விடுவா? நாளைக்கும் நீயே செய்.”

பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியவில்லை என்று முப்பது பேர் முன்னால் திட்டு. மங்களேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொள்வாள். இந்த அம்மாளுக்குத் தன்மேல் என்ன கோபமோ, சான்றிதழ் தருவாரோ மாட்டாரோ என்று பயமாக இருக்கும். ஆனாலும் மறுநாள் பத்து மணிக்காக மனசு ஏங்கும். குளிப்பாட்டியதும் டீச்சர் உள்ளறையைக் காட்டுவார்.

“தூங்க வைக்கதும் பாடம்தான். கதவைச் சாத்திக்கோ, சாரல் காத்து பிள்ளைக்கு ஆவாது. அது தூங்குத வரைக்கும் யாரும் அங்கன போகப்படாது.”

சாத்திய கதவுக்குப் பின்னால் உலகு வயிறு முட்டப் பால் குடித்துவிட்டுத் தூங்கும். டீச்சர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோமே என்று மங்களேஸ்வரிக்கு உள்ளூர உறுத்தும்.

மெட்ராஸ் அதிகாரி ஹரிஹரசுப்பிரமணியன் அன்று பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்தார். பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எந்தப் பாடம் ஒன்றாம் வகுப்பில் எங்கே போய்ச் சேர்கிறது என்று துருவித் துருவிக் கேட்டார். அகிலாண்டம் தட்டுத்தடங்கலின்றிப் பதில் சொன்னார்.

“திருப்தி. கைக்குழந்தைக்காரங்க யாரையும் சேர்க்கலையே? போன வருஷம் வேறொரு ஊர்ல அப்படி ஒருத்தியைப் பாதியில அனுப்ப வேண்டியதாப் போச்சு.”

“விதியில இடமில்லையே சார்” என்றார் அகிலாண்டம்.

அந்த நேரம் பார்த்து உலகு அழ ஆரம்பித்தது. வள்ளித்தாய் தோளில் போட்டுத் தட்டினாள், ஆட்டினாள். அழுகை கூடியது. முப்பது பேர் இருந்த கூடத்தில், அது மங்களேஸ்வரியை மட்டும் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டித் தாவியது.

அதிகாரி கண்ணாடியை மேலேற்றிவிட்டுப் பார்த்தார். “யார் குழந்தை இது?”

“எம் பிள்ளதான் சார்” என்றாள் வள்ளித்தாய்.

“உங்க குழந்தை ஏன் அந்தப் பெண்கிட்டத் தாவுது?”

மங்களேஸ்வரி வாயைத் திறந்தாள். சொல்லிவிடுவது என்றே முடிவு செய்துவிட்டாள். அதற்குள் அகிலாண்டம் இடையில் புகுந்தார்.

“தினமும் அவதான் குளிப்பாட்டுதா சார். பிள்ளை பழகிட்டு.”

“தினமுமா?” அதிகாரி பதிவேட்டை மறுபடி விரித்தார். விரலால் தேதிகளை எண்ணிக்கொண்டே போனார். பிறகு அச்சடித்த பாடத்திட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அவர் புருவம் உயர்ந்தது.

“என்னம்மா இது? குளிப்பாட்டும் பாடத்துக்கு டெல்லியில போட்டிருக்கிறதே மொத்தம் ஒரு நாள்தான். நீங்க ஐம்பத்திரண்டு நாள் நடத்தியிருக்கீங்களே?”

அகிலாண்டம் மங்களேஸ்வரியின் பக்கம் திரும்பவே இல்லை.

“ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒரு நாள் போதல சார்” என்றார்.