பனிக்குள் ஒரு கபுறு

“புருஷன்ட கபுறுக்குப் போறத்துக்கு ஆராச்சும் பனிமல ஏறுவாங்களா கா?”

சுபைறா கேட்டபோது, அவள் தங்கை ஸகியா மலையேறப் பழகுவதற்காக அரிசி நிறைத்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு கல்முனைக் கடற்கரையின் புதைமணலில் நடந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறியும் நிறுத்துவதாக இல்லை.

“அங்க அவர அடக்கின கபுறே இல்லையே, ராத்தா. அதுக்குத்தான் போறன்.”

ஸகியாவின் கணவன் மிஹ்லார் டோஹாவில் வானளாவிய கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவன். நாலு வருடத்துக்கு முன் அவனுடைய கம்பனி, கயிற்று வேலைக்காரர்கள் சிலரைப் பயிற்சிக்கென்று எக்குவடோர் நாட்டுக்கு ஒரு மலையேற்றக் குழுவோடு அனுப்பியது. பனி மூடிய எரிமலையில், பனி பிளந்து கிடந்த ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிட்டான் என்று செய்தி வந்தது.

எவ்வளவு தேடியும் மையத்து கிடைக்கவில்லை. ஊர்ப் பள்ளியில் மையத்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடந்தது. ஸகியா நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்தாள். பிறகு, மகனை இழந்து தனித்துப்போன மாமியைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

சுபைறா விடவில்லை. “சுபியான் மாஸ்டர் இன்னமும் உனக்காகத்தான் காத்துக்கு இரிக்கார். வேற எவன் இவ்வளவு காலம் இரிப்பான்? பெத்த வாப்பா உசிரோட இருந்தா இந்தக் கூத்துக்கு உன்ன உடுவாரா?”

ஸகியா பையை இறக்கி வைத்தாள். “அந்த மனிசனுக்கு ஒரு பிடி மண் போட ஆளில்லாமப் போச்சி. அந்த இடத்துல நிண்டு ஒரு துஆ கேட்டுட்டு வாறன். அதுக்குப் பொறகு மாஸ்டருக்கு ஓமெண்டு சொல்லு.”

தம்பி றினாஸ் துணைக்கு வந்தான். எக்குவடோரில், மிஹ்லாரைக் கூட்டிப்போன அதே வழிகாட்டியின் குழுவில் இருவரும் சேர்ந்தார்கள். மத்தேயோ என்ற அந்த மனிதர் முதலில் ஒரு சின்ன மலையில் வைத்துப் பழக்கினார். இரும்புப் பல் பூட்டிய சப்பாத்தோடு நடக்கவும், சறுக்கினால் கோடரியைப் பனியில் குத்தி நிற்கவும் ஸகியா படித்தாள்.

ஒருநாள் மதியம் மத்தேயோ இங்கிலீஷில் தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். றினாஸ் தமிழில் சொன்னான்.

“மச்சான் தன்ட கயித்தத் தானே கழட்டினாராம், ராத்தா. படம் எடுத்துட்டு வாறன் எண்டு பனிமூட்டத்துக்குள்ள போனாராம். இவர் கத்தக் கத்தக் கேக்கல்லயாம்.”

“அவரா? வீட்டுக் கூரையில ஏறினாலும் இடுப்புல கயிறு கட்டுற மனிசன்!”

“நசீபு, ராத்தா. என்ன செய்யிற?”

ஸகியாவும் அது விதி, நசீபு என்றே நினைத்தாள்.

பெரிய மலையில் ஏறும்போது தலை வெடித்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மத்தேயோ திரும்பிவிடலாம் என்று கையால் காட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் உச்சிக்குப் போனார்கள். அவளுக்கு உச்சி வேண்டாம், அந்த வெடிப்பு போதும்.

அது நீல நிறத்தில், அடி தெரியாமல் வாயைத் திறந்து கிடந்தது. ஸகியா அதன் ஓரத்தில் முழங்காலிட்டுப் பாத்திஹா ஓதினாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

“உங்கள்ல எனக்கு ஒரு கொறையும் இல்ல. எல்லாத்தையும் பொறுத்துட்டன்,” என்றாள் பனியைப் பார்த்து. “நான் இன்னொருத்தரக் கட்டப் போறன். நீங்களும் என்னப் பொறுத்துக்கங்க.”

சொல்லி முடித்தபோது நெஞ்சுக்குள் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது போலிருந்தது. இறங்கும் வழியில் றினாஸிடம் கேட்டாள். “இந்தப் பனி உருகி எங்க போகுமெண்டு கேளு.”

மலையின் மறுபக்கத்தில் ஒரு கிராமம் இருக்கிறது, இந்தத் தண்ணீர் அங்கே ஓடையாகப் போகிறது என்றார் மத்தேயோ. அந்தப் பக்கம் தாங்கள் யாரையும் கூட்டிப்போவதில்லை என்றும் சொன்னார்.

“அங்க போவம். மாமிக்கு ஒரு போத்தல் தண்ணி கொண்டு போகணும். மகன்ட மையத்தக் கழுவின தண்ணியெண்டு நெனச்சி மனசாறட்டும்.”

மறுநாள் காலை ஜீப்பில் மலையைச் சுற்றிப் போனார்கள். ஓடை ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்தை ஒட்டி ஓடியது. தோட்டத்துக்குள் ஒரு சிறிய ஓட்டு வீடு. ஸகியா ஓரத்தில் குந்தி, பிஸ்மி சொல்லி ஒரு கை தண்ணீர் குடித்தாள். பிறகு போத்தலை முக்கினாள்.

வீட்டு முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்த சின்னப் பெண்பிள்ளை ஒன்று அவர்களைக் கண்டு அப்படியே நின்றது. செம்பட்டை முடி, குளிரில் சிவந்த கன்னம். அழுதுவிடும் போலிருந்தது.

“பயந்துட்டா போல,” என்றான் றினாஸ்.

ஸகியா சிரித்துக் கை நீட்டினாள். “பயப்பிடாத மகள். நாங்க ஒண்டும் செய்யமாட்டம். தண்ணி எடுக்க வந்த.”

பிள்ளையின் கண்கள் விரிந்தன. ஸகியாவின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு வீட்டை நோக்கி ஓடிக்கொண்டே கத்தியது:

“வாப்பா, ஓடி வாங்க! இவங்களும் நம்மளப் போலக் கதைக்கிறாங்க!”