கறுப்பு மை

"காலையில இருந்து எடுக்கிறன் நஸ்லீம், லைன் பிஸி. வக்கீல் எடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பாய்?"

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டார் அதாஉல்லா. நஸ்லீமின் கணவன் ஸஜீதின் அண்ணன்; அவளுக்கு 'நானா'. ஒஷாவா நகரத்திலிருந்து பனிக்குள் கார் ஓட்டி வந்திருந்தார்.

கனடாவில், பார்க்டேல் பகுதியின் அந்த அபார்ட்மென்ட்டில் தொலைபேசிக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரே லைன்தான். நஸ்லீம் அவசரமாகக் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"கொஞ்ச நேரந்தான் நானா."

"திரும்பவும் எழுதினியா?"

"ஓம்."

அதாஉல்லா தலையில் கை வைத்தபடி சோபாவில் இருந்தார்.

ஸஜீத் அரபு நாடொன்றில், ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தான். போன மாதம் வேலையிடத்தில் வைத்தே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காரணம், 'கறுப்பு மை' என்ற இணையப் பக்கம். அந்த நாட்டில் வெளிநாட்டுச் சஞ்சிகைகள், ஆகாத படங்களிலும் வரிகளிலும் கறுப்பு மை பூசப்பட்ட பிறகே கடைக்கு வரும். அந்த மைக்குக் கீழே இருப்பதைச் சொல்கிறேன் என்று, பெயர் போடாமல், ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்த பக்கம் அது. வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்பட்ட பணிப்பெண், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டதற்காக நாடு கடத்தப்பட்ட டிரைவர், வகுப்பில் ஏதோ சொல்லிவிட்டுக் காணாமல் போன ஆசிரியர் என்று எல்லாம் அதில் வந்தன. ஆஸ்பத்திரிக்குள் நடந்த ஒன்றும் வந்தது. சந்தேகம் ஸஜீத் மேல் விழுந்தது.

அந்தப் பக்கம் இந்த வீட்டிலிருந்துதான் ஏறுகிறது என்பது அதாஉல்லாவுக்கும், நஸ்லீமோடு இருக்கும் அவர் உம்மா ஸித்திக்கும் மட்டும் தெரியும். பெருநாளுக்கு வந்த அன்று அதாஉல்லா தன் கண்ணாலேயே கண்டிருந்தார்.

"அவன் உன்னோட டெலிபோன்ல மனசு விட்டுக் கதைச்சான். நீ அதையெல்லாம் உலகம் வாசிக்க எழுதிப் போட்டாய். இப்ப உள்ளுக்கு இரிக்கிறது அவன். உனக்கென்ன, இது கனடா. என்னத்தையும் எழுதலாம், ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"எனக்குப் பயமில்லையெண்டு ஆரு சொன்ன?"

"பயமெண்டா ஏன் நிப்பாட்டல்ல? முந்தி மாசத்துக்கு ஒண்டு வந்திச்சு. அவனப் புடிச்ச பிறகு கிழமைக்கு ரெண்டு வருது. நேத்து அங்க அடிச்ச மணல் புயல் இண்டைக்கு அதுல இரிக்கு. உனக்கென்ன பைத்தியமா?"

நஸ்லீம் தன் விரல்களைப் பார்த்தாள். எழுதினாலும் பயம், நிறுத்தினாலும் பயம். ஒரு சொல் பிசகினாலும் அங்கே அவன் முதுகில்தான் விழும். அதை நினைத்து நினைத்தே ஒவ்வொரு வரியையும் பத்துத் தரம் வாசித்தாள்.

"நிப்பாட்ட ஏலாது நானா."

"ஏன்?"

சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அதாஉல்லா நல்ல மனிதர், ஆனால் எதையும் மனதோடு வைத்திருக்கத் தெரியாதவர். பக்கம் இங்கிருந்து ஏறுவதை மட்டும் தம்பிக்காக எப்படியோ அடக்கி வைத்திருந்தார்; மற்றபடி அவருக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கும் தெரியும். அங்கே தொழ வருகிற பாதிப் பேருக்கு அந்த நாட்டில் உறவுக்காரர்கள் இருந்தார்கள்.

"ஏலாது" என்று மட்டும் மறுபடியும் சொன்னாள்.

அறைக் கதவு திறந்தது. ஸித்தி குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் பையோடு வந்தாள்.

"என்ட புள்ள உசிரோட வரணுமெண்டு நான் அழுதழுது துஆக் கேக்கிறன். நீ பக்கத்து ரூம்ல தட்டித் தட்டி எழுதுறாய். இனி அந்தச் சத்தத்த என்னால கேக்க ஏலா" என்றவள், பெரிய மகனைப் பார்த்தாள். "என்னக் கூட்டிட்டுப் போ மகன்."

"மாமி, கொஞ்சம் பொறுங்க."

ஸித்தி திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் லிப்டில் இறங்கும் வரைக்கும் நஸ்லீம் வாசலிலேயே நின்றாள். பிறகு கதவைப் பூட்டிவிட்டு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் யாரும் அவளோடு கதைக்கவில்லை. தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு முறையும், அவன் இறந்த மையத்துச் செய்தியோ என்று பயந்துகொண்டே எடுத்தாள்.

பனி கரையத் தொடங்கிய ஒரு மத்தியானம் அது அடித்தது. எடுத்தால், அதாஉல்லா அழுதுகொண்டிருந்தார்.

"நானா, என்ன? சொல்லுங்க."

"விட்டுட்டாங்க புள்ள. பிழையான ஆளப் புடிச்சிட்டமெண்டு வக்கீல்கிட்ட ஒத்துக்கிட்டாங்களாம். ஆனா இனி அந்த நாட்டுல இரிக்கக் கூடாதெண்டு பிளேன் ஏத்திட்டாங்க."

"உண்மையா ஏறிட்டாரா? அங்கயிருந்து வெளிக்கிட்டுட்டாரா?"

"இங்க வார வழியில லண்டன்ல இறங்கி இப்பதான் உம்மாவோட கதைச்சான். உனக்கும் எடுப்பான்."

நஸ்லீம் சுவரோடு சரிந்து தரையில் இருந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் அழுகை மட்டுந்தான் கேட்டது. அதாஉல்லா முதலில் தேறினார்.

"அல்லாஹ் காப்பாத்தினான். உன்னால அவன் பட்டது போதும். இனியாவது அந்த எழுத்த விட்டுடு."

"விட்டுட்டன் நானா. இனி நான் எழுதத் தேவையில்ல."

"இத முதல்லயே செஞ்சிருந்தா என்ன?"

"முதல்ல இருந்து எழுதினது அவர் நானா. அவர் அனுப்புவார், நான் ஏத்துவன், அவ்வளவுதான். அவரப் புடிச்ச பிறகு வந்தது மட்டுந்தான் நான் எழுதினது. ஆள் உள்ளுக்கு இரிக்கிற நேரத்திலயும் எழுத்து வந்துகிட்டே இரிந்தாத்தானே, எழுதுறது வேற ஆளெண்டு அவங்க நம்புவாங்க."