பாஸ்னா நல்ல சேதிதானே?

"பாஸ்னா நல்ல சேதிதானே, வாத்தியாரே?"

நாற்காலியில் உட்காரும் முன்பே மாணவர் கேட்டுவிட்டார். மாணவருக்கு வயது ஐம்பத்திரண்டு. மீசை முழுக்க நரை. வாத்தியாருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

"எந்த இடத்துல வருதுங்கறதைப் பொறுத்தது, ஐயா. பரீட்சையில வந்தா நல்ல சேதி."

"அதைத்தான் இந்த வாட்டியாவது பார்க்கணும்" என்று சிரித்தார் மாணவர்.

பதவி உயர்வுத் தேர்வில் மற்ற தாள்களை ஊதித் தள்ளியவர், ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். "உங்களுக்கும் இங்கிலீஷுக்கும் ஏழாம் பொருத்தம்" என்று மனைவி கைகழுவிவிட்டாள். வாத்தியார்தான் விடவில்லை. இரண்டு வருடமாக மதியம் இரண்டு மணிக்கு, நூலக அறையில், இதே மேசையில் பாடம். சம்பளம் வாங்கியதில்லை. ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

"சொல்லுங்க, ஒண்ணொண்ணா எழுதிக்கறேன்."

"பஸ் பாஸ்னா அனுமதிச் சீட்டு. மைதானத்துல பந்தை பாஸ் பண்ணுன்னா, என் பக்கம் தள்ளுன்னு அர்த்தம். சட்டம் பாஸானா நிறைவேறிடுச்சு. டைம் பாஸ் உங்களுக்கே தெரியும்."

"அதுல எனக்குத்தான் முதல் மார்க்."

"வினாடி வினாவுல பாஸ்னு சொன்னா, எனக்குத் தெரியாது, அடுத்த ஆளைக் கேளுங்கன்னு."

"அடடே! தெரிஞ்சவனுக்கும் பாஸ், தெரியாதவனுக்கும் பாஸா?"

மாணவர் குனிந்து எழுதினார். கொட்டை கொட்டையான எழுத்து. பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

"ஆஸ்பத்திரியில பாஸ்னா? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னுதானே?"

"அப்படிச் சொல்ல மாட்டாங்களே. முழுசா என்ன இருந்துச்சு?"

"பாஸ்டு... அவே."

"அது வேற, ஐயா. காலமாயிட்டாங்கன்னு அர்த்தம். செத்துட்டாங்கன்னு பட்டுனு போட்டு உடைக்காம, நாசூக்கா சொல்றது."

பேனா நின்றது.

"எழுதிக்குங்க, தேர்வுல கேப்பாங்க. ஒரு உதாரணம் சொல்லட்டுமா?"

"வேணாம்."

மாணவர் நோட்டை மூடினார். அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார்.

"என்ன ஐயா? உங்க வீட்டுல யாருக்காவதா?"

"என் வீட்டுல இல்ல, வாத்தியாரே." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "காலையில ஆஸ்பத்திரியிலேருந்து ஆபீஸுக்கு ஒரு வரி வந்துச்சு. பாஸ்னு பார்த்ததும் உங்க அம்மா பொழைச்சுட்டாங்கன்னு நினைச்சுட்டேன். கடைசி வார்த்தை மட்டும் புரியல. இருந்தாலும், இதை நான்தான் உங்களுக்குச் சொல்லணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

மடித்த தாளை வாத்தியார் வாங்கிப் படித்தார். ஒரே வரிதான். ஆனாலும் வெகுநேரம் படித்தார்.

"முகத்தைப் பார்க்க விடுவாங்களா, ஐயா?"

"விடுவாங்க. கால்ல விழுந்தாவது நான் கேக்கறேன். எழுந்திருங்க."

மாணவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவியால் கம்பிக் கதவைத் திறந்தார். கைதியை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வருவதுதான் சிறைக் காவலருக்கு விதி. அன்று அவர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார்.