கழற்றிய சிப்

செயற்கைக் கால் பட்டறையில் அளவு வரையும் பழைய கணினியை அம்மாதான் பழுதுபார்ப்பாள். அதில் இரண்டு சிப்கள். தசமப்புள்ளி வைத்த கணக்கு வந்தால் பெரியது சின்னதிடம் தள்ளிவிட்டு விடைக்காகக் காத்திருக்கும். மகளுக்குக் கால் வரையவேண்டிய அன்று சின்னது கருகிவிட்டது. அம்மா அதைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள்.

கணினி உறைந்து நிற்கும் என்று நினைத்துக்கொண்டே சோதித்துப் பார்த்தாள். திரையிலோ பாத வளைவு கோடு கோடாக வளர்ந்தது.

"அம்மா, இது சுடுதும்மா!"

"கீழ போடுடி!"

"வேணாம்மா. பாவம், கணக்குப் போட்டுட்டிருக்கு."

கோடு முடிந்ததும் சிப் ஆறியது.

அந்த வளைவில் செய்த கால் கச்சிதமாகப் பொருந்தியது. சுவரைப் பிடிக்காமல் மகள் தெருமுனைவரை நடந்தாள். இருவரும் திரும்பியபோது, யாரும் கேட்காமலே திரையில் இன்னொரு பாதம் இருந்தது, ஒரு விரற்கடை பெரியதாக.

"அடுத்த வருஷத்துக்காம்மா?" என்றாள் மகள்.