மோதிரம் நின்ற கணு

அறுபதாம் கல்யாணத்தில் தாலி கட்டிய கையோடு தணிகாசலம் மனைவிக்குப் புது மோதிரம் போட வந்தார். அது பங்கஜவல்லியின் விரலில் பாதி வழி போய், கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கியிருந்த கணுவில் நின்றுவிட்டது. விடாமல் திருகினார். வலி அவளுக்குத் தோள்வரை ஏறியது.

"தின்னு தின்னு விரல்கூடப் பெருத்துப்போச்சு," என்றார், மைக்கில் கேட்கும்படி. மண்டபமே சிரித்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இஸ்திரி போட்ட சட்டையைக் காணோமென்று பீரோக் கதவை அவள் கைமேலேயே அறைந்து சாத்தியதை மனிதர் சுத்தமாக மறந்திருந்தார். கன்னத்தில் சந்தனம் வழிய, பல்லெல்லாம் தெரிய நின்ற அந்த முகத்தை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஆளுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கூச்சமாக இருந்தது.

"சுண்டுவிரல்ல போட்டுடுங்கோ, நேரமாறது," என்றார் ஐயர்.

தணிகாசலம் சுண்டுவிரலைப் பிடிக்கப் போனார். அவள் கையை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏன், அதுக்கு என்ன?"

"அது இன்னும் நல்லா இருக்கு," என்றாள் பங்கஜவல்லி, மைக்கில் கேட்கும்படி.